பிள்ளைக்கு முதல் கார்: சீட் சொன்ன சாட்சி

வணக்கம், நேயர்களே. நம்ம தென்னாப்பிரிக்காவில், டர்பனில் 28 வருஷம் இன்சூரன்ஸ் அசெஸராக இருந்தவன் நான். கார் அடிபட்டால் கையில் டார்ச்சும் நோட்டுப் புத்தகமுமாக வந்து, குனிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போவானே, அந்த ஆள். உங்களில் சிலர் என்னைத் திட்டியும் இருப்பீர்கள். ஓய்வு பெற்றாயிற்று, இனித் திட்டினாலும் பரவாயில்லை.

பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான மெட்ரிக் முடிந்ததும் பிள்ளைக்குக் கார் என்ற பேச்சு நம் வீடுகளில் ஆரம்பமாகிவிடும். 17 வயதில் லேர்னர்ஸ், 18-இல் லைசென்ஸ். சாட்ஸ்வொர்த்திலிருந்தோ ஃபீனிக்ஸிலிருந்தோ வெஸ்ட்வில் யூனிவர்சிட்டிக்குப் போக வண்டி வேண்டும். அப்போது ஒரு மாமா சொல்வார்: "ஒரு பழைய டொயோட்டா டாஸ் வாங்கிக் குடு. இடிச்சாலும் நஷ்டமில்ல."

இந்த "இடிச்சாலும் நஷ்டமில்ல" என்ற பேச்சைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தகரத்துக்கு நஷ்டமில்லை, சரி. உள்ளே உட்கார்ந்திருப்பது யாரு மாமா?

டாஸ் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. நம்ம டர்பனில், பிராஸ்பெக்டன் ஆலையில் பூட்டிய வண்டி. லேசில் ரிப்பேர் ஆகாது. ஆனால் அதன் கடைசி வருஷம் 2006. ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் பிரேக் இல்லை. ஹிக்கின்சன் ஹைவேயில் மழை பெய்கிறது, முன்னால் ஒரு டாக்ஸி திடீரென்று நிற்கிறது என்று வையுங்கள். பழகின ஆள் பிரேக்கை விட்டு விட்டு மிதிப்பான். புதுசாக ஓட்டுகிற பிள்ளை பயத்தில் ஒரே மிதியாக மிதிக்கும். சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேரே வழுக்கிக்கொண்டுதான் போகும். அந்த விட்டு விட்டு மிதிக்கும் வேலையைத்தான் ஏபிஎஸ் தானே செய்கிறது. யாருக்கு அது அதிகம் தேவை? உங்களுக்கா, பிள்ளைக்கா? நம் வீட்டில் பார்த்தால், ஏபிஎஸ் உள்ள கார் அப்பாவுக்கு, இல்லாத கார் பிள்ளைக்கு.

புது கார் வாங்கினால் போதும் என்றும் நினைக்காதீர்கள். 2017-இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு, வண்டி ஓட்டுகிறவர்களின் சங்கமான நம்ம ஏஏவோடு சேர்ந்து, அப்போது இங்கே விற்ற ஐந்து சின்ன கார்களை மோதிப் பார்த்தது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் ஒன்றுக்கும் கிடைக்கவில்லை. எட்டியோஸுக்கு நான்கு. போலோ விவோவுக்கும் சாண்டெரோவுக்கும் மூன்று. டாட்சன் கோ பிளஸுக்கு ஒன்று. செரி க்யூக்யூ 3-க்கு ஒன்றுகூட இல்லை. கலர் என்ன, ரேடியோ என்ன என்று கேட்கிற நாம், எத்தனை நட்சத்திரம் என்று சேல்ஸ்மேனிடம் கேட்கிறோமா?

பழைய வண்டி என்றால் பதிவுப் பத்திரத்தைப் பாருங்கள். கோட் 2 என்றால் கைமாறிய வண்டி, அவ்வளவுதான். கோட் 3 என்றால் ஒருமுறை நொறுங்கி, திரும்பக் கட்டிய வண்டி. விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் அதுதான். வெடித்துப்போன ஏர்பேக்கை மாற்றாமல் மேல்மூடியை மட்டும் ஒட்டி விற்ற வண்டியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சாவியைத் திருப்பும்போது டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து நடையைக் கட்டுங்கள்.

வாங்கியாயிற்று. கோயில் வாசலில் நிறுத்தி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டுகிறோம். நானும் செய்தவன்தான். ஆனால் அதே அப்பா மறுநாள் இன்சூரன்ஸுக்கு போன் போடுகிறார். "இந்தக் காரை வழக்கமாக ஓட்டுவது யார்?" என்று கேட்கிறார்கள். "நான்தான்." பிள்ளை பெயரைச் சொன்னால் பிரீமியம் எகிறும் என்று அவருக்குத் தெரியும். அந்த போன் பேச்சு பதிவாகிறது, நேயர்களே.

அப்படி ஒரு வீடு. ஆள் பெயர், கம்பெனி பெயர் வேண்டாம். மகள் காரை எடுத்துக்கொண்டு போய், ரோபாட்டில், அதாவது சிக்னல் விளக்கில், நின்ற ஒரு விலையுயர்ந்த வண்டியின் பின்னால் இடித்துவிட்டாள். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. "இன்னைக்கு மட்டும்தான் எடுத்துட்டுப் போச்சு, ரொட்டி வாங்க" என்றார் அப்பா. நான் டோயிங் யார்டுக்குப் போய்ப் பார்த்தேன். அப்பா ஆறடி ஆள். ஓட்டுகிற சீட்டோ ஸ்டியரிங்கை ஒட்டி முன்னால் தள்ளியிருக்கிறது. கண்ணாடியில் யூனிவர்சிட்டி பார்க்கிங் ஸ்டிக்கர். பின் சீட்டில் பாடப் புத்தகம், செருப்பு, சாப்பாட்டு டப்பா. ரொட்டி வாங்கப் போன கார்!

பார்த்ததை எழுதினேன். கிளெய்ம் தள்ளுபடி. நம் நாட்டில் காருக்கு இன்சூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. பெட்ரோலில் பிடிக்கிற வரியில் ஓடும் ரோடு ஆக்சிடென்ட் ஃபண்ட் ஆளுக்குப் பட்ட காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மட்டும்தான். இடிபட்ட வண்டிக்கு ஒரு ராண்டும் தராது. அதனால் எதிர்வண்டியின் இன்சூரன்ஸ் நேரே இவரிடம் வசூலுக்கு வந்தது. ஓடாத காருக்கு பாங்க் தவணையும் கட்டிக்கொண்டிருந்தார். மாதம் சில நூறு ராண்டை மிச்சப்படுத்தப் பார்த்த மனுஷன், கெட்டவர் இல்லை. அந்த வருஷம் காவடி அன்று கோயிலில் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சம்சாரம்தான், "சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே" என்றது. இலையில் உட்கார்ந்தேன், சோறு இறங்கவில்லை.

ஆகவே, "யார் ஓட்டுவது?" என்றால் பிள்ளை பெயரைச் சொல்லுங்கள். கார் யார் பெயரில் இருந்தாலும் சரி, ஓட்டுகிற பெயரைச் சொல்லுங்கள். பிரீமியம் கட்டுப்படியாகவில்லையா, விலை குறைந்த காரைப் பாருங்கள், ஏபிஎஸ்ஸை விட்டுவிடாமல்.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கச்சி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிஷமாம். எக்ஸஸ் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கிளெய்ம் வந்தால் முதலில் நம் கையிலிருந்து போகிற பணம் அது. 25 வயதுக்குக் கீழே என்றால் பல கம்பெனிகள் அதற்கு மேலும் ஒன்று போடுவார்கள். லைசென்ஸ் புதுசு என்பதற்கும் தனியாகப் போடலாம். மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டிராக்கர், ராத்திரியில் நாலு சிநேகிதரை ஏற்றிக்கொண்டு போவது, இதெல்லாம் இன்றைக்கு முடியாது. டயர்... ஒரு விரல் ஆகிவிட்டது. டயர் பட்டையின் பள்ளம் 1 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் போதும் என்கிறது சட்டம். மழையில் அது போதாது. வணக்கம்.