கொல்லைக்கு வந்த சிரல்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு சின்னக் குளம் இருக்கிறது. எட்டடிக்கு ஆறடி, முழங்கால் ஆழம், மாடு தண்ணீர் குடித்த பழைய தொட்டியைப் பெரிதாக்கிக் கட்டியது. அல்லி போட்டேன், கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கப்பி மீனும் விட்டேன்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், அல்லிக்குப் பக்கத்தில் ஊன்றியிருந்த மூங்கில் குச்சியில் நீலமாக ஒன்று உட்கார்ந்திருந்தது. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கரண்டுக் கம்பியில் உட்கார்ந்து கத்துமே, காப்பிக்கொட்டை நிறத் தலையும் வெள்ளை மார்புமாக, அது வேறு மீன்கொத்தி, தண்ணீர் இல்லாத இடத்திலும் வெட்டுக்கிளி, பல்லி என்று பிடித்துப் பிழைத்துக்கொள்ளும். இது சிறால் மீன்கொத்தி, மீனை நம்பியே வாழ்கிற பறவை. அலகு முழுக்கக் கறுப்பாக இருந்தால் ஆண், கீழ் அலகு சிவந்திருந்தால் பெண். வந்தது பெண்.

நான் கிணற்றடியில் பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். அது தலையை இரண்டு தடவை மேலும் கீழும் ஆட்டியது, தூரத்தைக் கணக்குப் பண்ணுகிறது, ஏனென்றால் மேலிருந்து பார்க்கும்போது மீன் தெரிகிற இடத்தில் மீன் இருக்காது, அந்த வித்தியாசத்தையும் சேர்த்துத்தான் பாய வேண்டும். அப்புறம் 'சளக்' என்று ஒரு சத்தம். நான் கண்ணைக் கொட்டி முடிப்பதற்குள் குச்சிக்குத் திரும்பியிருந்தது, அலகில் குறுக்காக ஒரு கப்பி துடிக்க. மீனை மூங்கிலில் நாலைந்து தடவை அடித்தது, பிறகு மெதுவாகத் திருப்பித் தலைப்பக்கமாக விழுங்கியது. வால் பக்கமாக விழுங்கினால் செதிளும் துடுப்பும் தொண்டையில் குத்தும்.

பதிற்றுப்பத்தில் இந்தப் பறவைக்குச் சிரல் என்று பெயர். போரில் கிழிந்த மார்பைத் தைக்கிற நீண்ட வெள்ளூசிக்கு, குளிர்ந்த குளத்தில் மீனுக்காக மூழ்கி எழுகிற சிரலை உவமை சொல்கிறது அந்தப் பாட்டு. ஊசி சதைக்குள் போவதையும் வெளியே வருவதையும் நினைத்துப் பாருங்கள். எத்தனை நாள் குளக்கரையில் உட்கார்ந்து பார்த்திருந்தால் இப்படி எழுத வரும்!

பிறகு தினமும் வந்தது. குச்சிக்கு அடியில் நகக்கண் அளவுக்கு வெளுத்த உருண்டை ஒன்று கிடந்தது, தொட்டதும் உதிர்ந்துபோனது, உள்ளே எல்லாம் மீன் முள், செரிக்காததை அப்படி உமிழ்ந்துவிடுகிறது.

பக்கத்து வீட்டு அக்கா, "வலை போட்டு மூடு, ஒரு மீன் மிஞ்சாது" என்றார்கள். ஆறு மாதமாகியும் மீன் குறையவில்லை. கப்பி மாதத்துக்கு ஒரு தடவை குட்டி போடுகிற மீன். வலை கட்டினால் பறவையின் காலும் இறக்கையும் சிக்கும். உங்கள் வீட்டிலும் தொட்டி இருந்தால் வலை வேண்டாம், ஓரமாக ஒரு காய்ந்த குச்சி ஊன்றுங்கள், தண்ணீரில் மருந்து கலக்காதீர்கள்.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. மீன் நாம் கொடுத்துவிடலாம், வீட்டை எப்படிக் கொடுப்பது? இது மரத்தில் கூடு கட்டாது. செங்குத்தான மண் கரையில் கை நீளத்துக்குக் குடைந்து உள்ளே முட்டை இடும். நம் டெல்டாவில் வாய்க்கால் வாய்க்காலாகச் சிமெண்டுக் கரை கட்டிக்கொண்டு வருகிறோம். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர வேண்டும், நானும் விவசாயி வீட்டுப் பெண்தான், அதை மறுக்கவில்லை. வளைவுகளில் கொஞ்சம் மண் கரையை மட்டும் விட்டுவையுங்கள் என்று கேட்கிறேன். அடுத்த கிராம சபையில் இதைச் சொல்லப்போகிறேன், நீங்களும் வந்து சொல்லுங்கள்.

நம் வாய்க்கால் கிழக்கே திரும்புகிற இடத்தில் போன பங்குனியில் ஒரு பொந்து பார்த்தேன். வாயில் எச்சம் வெள்ளையாக வழிந்திருந்தது, மீன் வாடை அடித்தது. வருகிறவர்கள் சாயங்காலம் என்னோடு வாருங்கள், காட்டுகிறேன். எதிர்க்கரையில் நின்றுதான் பார்க்க வேண்டும்.