கன்று போட்ட மாடு பாலைக் குறைப்பது ஏன்?

(காட்சி: விடியற்காலை. தொழுவத்தில் ஒரு ஜெர்சி கலப்பின மாடு படுத்திருக்கிறது. பக்கத்தில் கன்று.)

வணக்கம். இந்த மாட்டின் கழுத்தைக் கொஞ்சம் பாருங்கள். தலையை மடக்கி விலாவின் மேல் சாய்த்து வைத்திருக்கிறது. பிடித்து நேராக்கினாலும் திரும்ப அதே பக்கம்தான் போகிறது. மூக்கு காய்ந்துகிடக்கிறது. காதைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. நேற்று மாலை கன்று போட்டது, நான்காவது ஈத்து. "அசதியா இருக்கும், விடுங்க" என்று யாராவது சொல்வார்கள். விட்டால் சில மணி நேரத்தில் மாடே போய்விடலாம்.

இதன் பெயர் பால் காய்ச்சல். பெயர் வைத்தவர் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. இதில் காய்ச்சலே கிடையாது, உடம்புச் சூடு இறங்கித்தான் போகும். ரத்தத்தில் கால்சியம் வற்றிப்போனதுதான் காரணம்.

(காட்சி: ஒரு கரண்டியில் வெள்ளைப் பொடி. பக்கத்தில் சீம்பால் வாளி.)

கணக்கைப் பாருங்கள். ஒரு மாட்டின் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கால்சியம் ஏறத்தாழ 3 கிராம்தான். ஒரு லிட்டர் சீம்பாலில் சுமார் 2 கிராம் வெளியே போகிறது. முதல் நாளில் 8 லிட்டர் கறந்தால் 16 கிராம். கையிருப்பு 3, செலவு 16! மீதியை எலும்பும் குடலும்தான் கொடுத்தாக வேண்டும். அந்த வேலை சூடு பிடிக்க ஒன்றிரண்டு நாள் ஆகும். வயதான மாட்டுக்கு இன்னும் தாமதம். ஜெர்சி ரத்தம் உள்ள மாடு என்றால் ஆபத்து கொஞ்சம் கூடுதல்.

1897இல் டென்மார்க்கில் ஷ்மிட் என்ற கால்நடை மருத்துவர் இதற்காக மடிக்குள் மருந்துக் கரைசலைச் செலுத்திப் பார்த்தார். மாடுகள் பிழைத்தன. பிறகு, மருந்தே வேண்டாம், மடிக்குள் காற்றை அடித்தாலே போதும் என்று கண்டுகொண்டார்கள். சைக்கிளுக்குக் காற்றடிப்பது போலத்தான்! மடி இறுகினால் பால் சுரப்பது நிற்கும், கால்சியம் ரத்தத்திலேயே தங்கும். ஏன் பிழைக்கிறது என்று தெரியாமலேயே பல வருடம் அப்படிச் செய்தார்கள்.

இப்போது ரத்தக்குழாயில் கால்சியம் ஏற்றுகிறார்கள். பாட்டில் இறங்க இறங்க மாடு நடுங்கும், ஏப்பம் விடும், சாணம் போடும், பிறகு எழுந்து நிற்கும். பார்க்க மாயம் மாதிரி இருக்கும். ஆனால் வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதனால் மருத்துவர்தான் ஏற்ற வேண்டும். தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள்.

சரி, படுத்த மாட்டைக் காப்பாற்றிவிட்டோம். ஆனால் நம் பாலைக் குறைப்பது பெரும்பாலும் படுக்காத மாடுதான். கால்சியம் ஓரளவு குறைந்திருக்கும், மாடு நின்றுகொண்டுதான் இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் கால்சியம் இல்லாமல் எந்தத் தசையும் சரியாக வேலை செய்யாது.

கருப்பை சுருங்காவிட்டால் நஞ்சுக்கொடி விழாது. எட்டு மணி நேரத்துக்குள் விழ வேண்டியது, பன்னிரண்டு தாண்டியும் தொங்கினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். கல்லைக் கட்டித் தொங்கவிடுவது, கையால் இழுப்பது எல்லாம் வேண்டாம். அறுந்து உள்ளே தங்கி அழுகினால் காய்ச்சல் வரும், தீவனம் குறையும், பால் குறையும். இன்னொன்று: கொடி விழும்வரை கன்றைப் பால் குடிக்க விடக்கூடாது என்பார்கள். உண்மை நேர்மாறானது. கன்று முட்டிக் குடிக்கும்போது சுரக்கும் ஹார்மோன்தான் கருப்பையையும் சுருங்க வைக்கிறது.

காம்பின் துளையும் தசையால்தான் மூடுகிறது. அது தளர்ந்தால் கிருமி உள்ளே போகும், மடிநோய். வீங்கிச் சிவந்த மடியை யாரும் கண்டுபிடித்துவிடலாம். வெளியே தெரியாத மடிநோயில் பால் வெள்ளையாகத்தான் இருக்கும். லேசாக உப்புக் கரிக்கும், அளவு குறையும், சொசைட்டியில் எஸ்.என்.எஃப். (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள் அளவு) இறங்கும். உடனே "தண்ணி கலந்தியா?" என்ற பேச்சு வேறு. கறந்ததும் மாடு படுக்காமல் அரை மணி நேரம் புல் போட்டு நிற்க வையுங்கள். காம்புத் துளை மூட அந்த நேரம் வேண்டும்.

(காட்சி: தொட்டியில் அடர்தீவனம் மீந்து கிடக்கிறது. மாடு வைக்கோலை மட்டும் மெல்கிறது.)

அப்புறம் வயிறு. அசை மந்தமானால் தீனி குறையும். பாலோ ஏறிக்கொண்டே போகும். பற்றாக்குறைக்கு மாடு தன் கொழுப்பையே கரைக்கும். அளவு மீறினால் அது கீட்டோசிஸ். கலப்புத் தீவனத்தை ஒதுக்கிவிட்டு வைக்கோலைத் தின்னும், மூச்சில் நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி வாடை அடிக்கும். எல்லோருக்கும் அந்த வாடை தெரியாது என்பதுதான் சிக்கல். ஏமாற்று வேலை எங்கே என்றால், இந்த நேரத்தில் பாலில் கொழுப்பு ஏறும். சீட்டில் ஃபேட் நல்லாயிருக்கிறதே என்று நாம் சந்தோஷப்படுவோம். அது மாட்டின் முதுகிலிருந்து கரைந்து வந்த கொழுப்பு. அடுத்த வாரம் லிட்டர் சரியும்.

கன்று போட்ட ஆறு முதல் எட்டு வாரத்தில் கறவை உச்சத்துக்குப் போகும். அந்த உச்சத்தில் ஒரு லிட்டர் குறைந்தால் அந்த ஈத்து முழுவதும் சேர்த்து ஏறத்தாழ 200 லிட்டர் போய்விடும் என்பது பண்ணைக் கணக்கு. நோய் தீர்ந்த பிறகு எவ்வளவு புண்ணாக்கு வைத்தாலும் தவறவிட்ட உச்சம் பெரும்பாலும் திரும்பாது.

தடுப்பது எப்போது? கன்று போடுவதற்கு முன், கறப்பதை நிறுத்தி வற்றவிட்ட இரண்டு மாதத்தில். இங்கே ஒரு தவறு சகஜம்: நிறைமாதச் சினையில் கால்சியம் டானிக்கை ஊற்றுவது, கால்சியம் நிறைந்த பசுந்தீவனமான குதிரைமசாலை அள்ளிப் போடுவது. வெளியிலிருந்து தாராளமாக வந்தால் எலும்பிலிருந்து எடுக்கும் வேலையை உடம்பு மறந்துவிடும். கன்று போட்ட அன்று முழிக்கும். கால்சியம் தேவைப்படுவது கன்று போடும் நேரத்திலும் அதை அடுத்த நாட்களிலும்தான். மாட்டை வற்றுக் காலத்தில் கொழுக்க விடுவதும் கூடாது, கீட்டோசிஸ் அங்கேதான் உருவாகிறது.

(காட்சி: அதே மாடு, எழுந்து நிற்கிறது. கன்று மடியை முட்டுகிறது.)

நம் மாடு எழுந்துவிட்டது. ஆனாலும் இன்றும் நாளையும் மடியை ஒட்டக் கறக்கப் போவதில்லை. கன்றுக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டு, பாதியை மடியிலேயே விடுகிறோம். மாலையில் இன்னொரு முறை காதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒருமுறை எழுந்த மாடு மறுநாள் திரும்பப் படுப்பதும் உண்டு.