முதல்ல குடியை நிறுத்தணுமா, மனசைப் பாக்கணுமா?

அடுத்த கேள்வி நாகப்பட்டினம் பக்கத்துல இருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க. சுருக்கிச் சொல்றேன். அவங்க அண்ணன் கடலுக்குப் போறவர். 2004 சுனாமியில மகளைப் பறிகொடுத்தவர். அதுக்கு முன்னாடி கல்யாணம், திருவிழான்னா குடிப்பார், அவ்வளவுதான். இப்ப ராத்திரி குவார்ட்டர் இல்லாம படுக்கறதே இல்ல. மறுவாழ்வு மையத்துல ரெண்டு தடவை சேத்தாச்சு. வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்ல மறுபடி ஆரம்பிச்சிடுறாராம். "இது குடிநோயா, மனநோயா? எதை முதல்ல சரி பண்ணணும்? சாப்பாட்டுல கலக்கற பொடின்னு விளம்பரம் வருதே, அதைக் கொடுக்கலாமா?"ன்னு கேக்கறாங்க.

பொடி விஷயத்துக்குக் கடைசியில வரேன்.

நீங்க எழுதினதுல நடுவுல ஒரு வரி வருதும்மா. "லைட்டை அணைச்சா தூங்க மாட்டார், காத்து பலமா அடிச்சா எழுந்து வாசலுக்கு ஓடிடுவார்"னு. சும்மா போற போக்குல எழுதியிருக்கீங்க. எனக்கு அதுதான் முக்கியமாப் பட்டுது. இத்தனை வருஷம் கழிச்சும் உடம்பு இன்னும் அந்த ஞாயித்துக்கிழமை காலையிலயே நிக்குது. பேரிடர், விபத்து, போர், வன்முறை, இதுல சிக்கினவங்கள்ல சில பேருக்கு இப்படி ஆகும். கெட்ட கனவு, சின்னச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடறது, அந்த இடத்துப் பக்கமே போகாம இருக்கறது. நேர்ல பாக்காம நான் நோய்ப் பேர் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு மனநல டாக்டர் கண்டிப்பா விசாரிக்க வேண்டிய அடையாளங்கள் இவை.

இப்ப குடி இதுக்குள்ள எப்படி வருதுன்னு பாருங்க. சாராயம் மூளையோட படபடப்பை அமுக்கும். ரெண்டு ரவுண்டு உள்ள போனதும் பயம் இறங்குது, தூக்கம் வருது. அவரைப் பொறுத்தவரைக்கும் அது மருந்து, அதுவும் அரை மணி நேரத்துல கேக்கற மருந்து! சிக்கல் ராத்திரி ரெண்டு, மூணு மணிக்கு ஆரம்பிக்குது. போதை இறங்க இறங்க, அமுக்கி வெச்சதெல்லாம் எதிர்ப்பக்கமா எகிறும். வேர்க்கும், நெஞ்சு அடிச்சுக்கும். ராத்திரி முதல் பாதியில அமுங்கிக் கிடந்த கனவுத் தூக்கம் பின்பாதியில மொத்தமா வரும். எந்தக் கனவுக்குப் பயந்து குடிச்சாரோ அதே கனவு இன்னும் பளிச்சுனு வருது. மறுநாள் அளவைக் கூட்டுறார். வருஷக்கணக்கா இப்படியே போனா, பயம் இல்லாத நாள்லயும் உடம்பு சரக்கைக் கேக்கும். அந்தக் கட்டத்துல குடியே தனி நோய். துக்கம்தானே காரணம்னு துக்கத்தை மட்டும் பாத்தா அது போகாது.

அதனால எது முதல்ல வந்துச்சுன்னு தேடறதுல பெருசா பலன் இல்ல. ரெண்டையும் சேத்துப் பாக்கணும். நடைமுறையில என்ன நடக்குதுன்னா, மையத்துல குடியை நிறுத்தி அனுப்பிடுறாங்க, மகளைப் பத்தி யாரும் கேக்கறதில்ல. மனநலப் பிரிவுக்குப் போனா, "முதல்ல குடியை விட்டுட்டு வாங்க"ங்கறாங்க. நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கறவர் நேரா டாஸ்மாக்குக்குத்தான் போவார். குடியை விட்டவருக்கு முதல் சில வாரம் கனவும் பதட்டமும் கூடத்தான் செய்யும். அதுக்கு அவர் கையில ஒண்ணுமே கொடுக்காம அனுப்பிட்டு, "இவனுக்கு மன உறுதி இல்ல"ன்னு திட்டறது எனக்குப் பிடிக்காத விஷயம். பழைய சம்பவத்தைக் கிளறினா குடி கூடிடுமோன்னு சில டாக்டர்களே தயங்குவாங்க. பயிற்சி பெற்றவங்க முறையா ரெண்டையும் சேத்துச் செஞ்சா அப்படிக் கூடறதில்லன்னு ஆராய்ச்சிகள் காட்டியிருக்கு.

ஒரு விஷயம் மட்டும் காத்திருந்துதான் தெரியும். தினம் குடிக்கிறவங்ககிட்ட தெரியற மனச்சோர்வுல ஒரு பகுதி குடியாலயே வர்றது. நிறுத்தி மூணு, நாலு வாரத்துல தானா விலகிடும். அதுக்கப்புறமும் இருந்தா, அது தனியா நிக்கற நோய்.

இதைக் கேட்டுட்டு நாளைக்கே வீட்டுல பூட்டி வெச்சு நிறுத்திடாதீங்க, தயவுசெஞ்சு. காலையில கை நடுங்குதா, விடிஞ்சதும் ஒரு கட்டிங் தேவைப்படுதான்னு கவனிங்க. அப்படி இருக்கறவர் திடீர்னு நிறுத்தினா முதல் ரெண்டு நாளைக்குள்ள வலிப்பு வரலாம். அடுத்த ரெண்டு மூணு நாள்ல ஆளே தெரியாமப் புலம்பலாம், பூச்சி ஊருதுன்னு உடம்பைத் தட்டிக்கிட்டே இருப்பார். மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறதை நான் வேண்டாங்கல, ஆனா அந்த நேரத்துல அவர் ஆஸ்பத்திரியில இருக்கணும். உயிர் போற நிலைமை அது. மருந்து கொடுத்து, தையமின்ங்கற வைட்டமின் பி1 ஊசி போட்டு, பாதுகாப்பா இறக்கணும். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல இதைச் செய்வாங்க. முதல் நாளே டாக்டர்கிட்ட குடி எவ்வளவுன்னு சொல்லும்போது சுனாமியையும், மகளையும், அந்த லைட் விஷயத்தையும் சொல்லிடுங்க. எங்க போறதுன்னு தெரியலன்னா 14416-க்கு ஃபோன் பண்ணுங்க, டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண் அது, தமிழ்லயே பேசலாம். செத்துடலாம் போலிருக்குன்னு அவர் பேச ஆரம்பிச்சா மட்டும் நாள் பாக்காதீங்க, உடனே கூட்டிட்டுப் போங்க.

வீட்டுல பதினாலு வயசுப் பையன் இருக்கான்னு எழுதியிருக்கீங்க. 1998-ல அமெரிக்காவுல சான் டியேகோவுல நடந்த ஒரு பெரிய ஆய்வு வெளியாச்சு. சின்ன வயசு அடி, பாலியல் கொடுமை, வீட்டுல குடி, மனநோய், அம்மா அடிபடறதைப் பாக்கறதுன்னு ஏழு வகையை எடுத்துக்கிட்டாங்க. அதுல நாலு அல்லது அதுக்கு மேல அனுபவிச்சவங்களுக்கு, எதையுமே அனுபவிக்காதவங்களை விட, குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆபத்து 4-லேர்ந்து 12 மடங்கு வரை அதிகமா இருந்துச்சு. தலையெழுத்துன்னு நினைச்சுக்காதீங்க, நிறைய பிள்ளைங்க நல்லாவே வர்றாங்க. ஆனா அவனோட யாராவது உக்காந்து பேசணும், அப்பா குடிக்கறதுக்கு நீ காரணமில்லன்னு அவன் காதால கேக்கணும்.

இப்ப பொடி. கொடுக்காதீங்க. உள்ள என்ன இருக்குன்னே தெரியாது. குடியை விட டாக்டர் எழுதிக் கொடுக்கற டைசல்ஃபிராம் மாத்திரையைக்கூட சில பேர் தெரியாம சாம்பார்ல கலக்கறாங்க. அதுக்கு மேல குடிச்சா முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சடார்னு இறங்கும். இதயமோ கல்லீரலோ கெட்டிருந்தா ஆளே போயிடலாம். அவருக்குத் தெரிஞ்சு, அவர் சம்மதிச்சு, ரத்தப் பரிசோதனை பாத்துக் கொடுத்தா அதே மாத்திரை நல்ல மருந்துதான். அதை டாக்டர்கிட்டயே கேளுங்க.