கட்டிலில் தொடங்கும் விண்கலம்: லெகோ கட்டைகளில் ஒரு மருத்துவக் கப்பல்

[காட்சி: வெறும் மேசை. நடுவில் ஒரு குட்டி லெகோ பொம்மை மல்லாந்து படுத்திருக்கிறது.]

வணக்கம். மேசையில் படுத்திருப்பவர் நம் நோயாளி. லெகோ மினிஃபிகர், உயரம் 4 சென்டிமீட்டர். இன்றைக்கு நாம் கட்டப்போகும் விண்கலம் இவருடைய கட்டிலில் இருந்துதான் தொடங்குகிறது.

சில மாதங்களுக்கு முன்னால் நான் இதை வேறு மாதிரி செய்து பார்த்தேன். கூரான மூக்கு, இரண்டு பக்கமும் இறக்கை, பின்னால் மூன்று எஞ்சின் என்று வெளித்தோற்றத்தை முதலில் முடித்தேன். அழகாகத்தான் இருந்தது. அப்புறம் உள்ளே கட்டில் போடப் பார்த்தால் இடம் பற்றவில்லை. நீளவாக்கில் போட்டால் கதவை அடைத்தது, குறுக்கே போட்டால் மருத்துவர் நிற்க வழியில்லை. முழுதையும் பிரித்தேன். ஒரு மருத்துவக் கப்பலில் மற்ற எல்லாமே நோயாளிக்கு அப்புறம்தான். இந்த வீடியோவில் நான் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் அதை ஒட்டித்தான் இருக்கும்.

[காட்சி: பூமியைச் சுற்றும் விண்வெளி நிலையம், எளிய கோட்டோவியம்.]

விண்வெளிக்கு எதற்குத் தனியாக ஒரு மருத்துவக் கப்பல்? இதற்கு உண்மையான ஒரு நிகழ்வு இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த ஒருவருக்குக் கழுத்து ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருந்தது. 2020-இல் மருத்துவ இதழில் வெளியான செய்தி இது. பூமியில் இருந்த மருத்துவர்கள் வழிகாட்ட, விண்வெளி வீரரே தன் கழுத்தில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துப் பார்த்தார். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து நிலையத்தில் கொஞ்சம்தான் இருந்தது. அடுத்த சரக்குக் கலம் வரும்வரை அதை அளந்து அளந்து போட்டுக்கொண்டார்கள். அவர் நலமாகத் திரும்பினார்.

2024 பிப்ரவரியில் இன்னொன்று நடந்தது. ஸ்பேஸ்மீரா என்ற, ஒரு கிலோவுக்கும் குறைவான அறுவை ரோபோவை நிலையத்துக்கு அனுப்பி, அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் உட்கார்ந்தபடி அறுவை மருத்துவர்கள் அதை இயக்கினார்கள். ரோபோ வெட்டியது ரப்பர் பேண்டுகளை. பூமிக்குப் பக்கத்தில் சுற்றும் நிலையம் என்பதால் இது சரிப்பட்டது. செவ்வாய்ப் பக்கம் போய்விட்டால் ஒரு சமிக்ஞை போய்ச் சேரவே குறைந்தது 3 நிமிடம், சில சமயம் 20 நிமிடத்துக்கும் மேல் ஆகும். கத்தி எங்கே இருக்கிறது என்று இங்கே தெரிவதற்குள் அங்கே எல்லாம் நடந்து முடிந்திருக்கும். அவ்வளவு தூரத்துக்கு மருத்துவரே கூடப் போக வேண்டும். நம் கப்பலுக்கான காரணம் அதுதான்.

சரி, கட்டைகளை எடுப்போம்.

[காட்சி: ஒரு கட்டை, அதன் பக்கத்தில் மூன்று பிளேட் அடுக்கு. அளவுகள் திரையில்.]

மூன்று எண்கள் போதும். கட்டையின் மேலே இருக்கும் குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6. பிளேட் என்ற மெல்லிய கட்டையின் உயரம் 3.2. மூன்று பிளேட் சேர்ந்தால் ஒரு கட்டை. லெகோவின் குமிழும் குழாயும் கொண்ட இந்த அமைப்புக்கு டென்மார்க்கில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1958 ஜனவரி 28-இல். அந்தக் காலத்துக் கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்தும். வீட்டில் பழைய டப்பாவில் கிடப்பதைக் கூடத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

நோயாளி படுத்தால் 5 குமிழ் நீளம். தலைக்கும் காலுக்கும் கொஞ்சம் இடம் விட்டு, கட்டிலுக்கு 6 குமிழ் கொடுக்கிறேன். பொம்மையின் கால்களுக்குப் பின்பக்கம் குழிகள் இருக்கின்றன. கட்டிலில் கால் வரும் இடத்தில் மட்டும் குமிழ்களைத் திறந்து வைத்து, மீதியைக் குமிழ் இல்லாத வழவழப்பான டைலால் மூடிவிட்டால், பொம்மை அங்கே போய் அழுந்தி நிற்கும். நிஜத்திலும் அப்படித்தான். எடையற்ற நிலையில் நோயாளியைக் கட்டிவைக்காமல் எதுவும் செய்ய முடியாது. விண்வெளி நிலையத்தில் இருப்பது பட்டைகள் கொண்ட ஒரு பலகை. நிலையத்தின் உடலோடு சேர்த்து அதைப் பிணைத்துவிடுவார்கள். இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்க நேர்ந்தால் அந்த மின்சாரம் நிலையத்தின் உடலுக்குப் போகாதபடியும் அது தடுக்கும். அதற்காக நம் கட்டிலுக்கும் தளத்துக்கும் நடுவில் ஒரு வரிசை கறுப்பு பிளேட் வைக்கிறேன். வெளியில் யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனாலும் இருக்கட்டும்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறோம்.

[காட்சி: கட்டிலில் நோயாளி. மேலே கூரையில் தலைகீழாக நிற்கும் மருத்துவர்.]

நோயாளியின் இதயம் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பூமியில் என்ன செய்வோம்? நெஞ்சில் கை வைத்து நம் உடல் எடையால் அழுத்துவோம். விண்வெளியில் எடை இல்லை. அழுத்தினால் அழுத்துபவர்தான் பின்னால் பறப்பார். அதனால் அங்கே சொல்லித்தரும் முறைகளில் ஒன்று இது: கால் இரண்டையும் எதிர்ச்சுவரில் ஊன்றிக்கொண்டு, கைகளை நோயாளியின் நெஞ்சில் வைத்து, கால்களால் உந்தி அழுத்துவது. பார்ப்பதற்குத் தலைகீழாக நின்று கை ஊன்றியது போல இருக்கும்.

ஆக, நம் அறையின் உயரத்தை முடிவு செய்வது இந்த ஒரு காட்சிதான். மருத்துவர் 40 மில்லிமீட்டர். கட்டிலும் நோயாளியும் சேர்ந்து ஏறக்குறைய 15. 6 கட்டை உயரம் வைத்தால் 57.6 மில்லிமீட்டர் கிடைக்கிறது. சரியாகப் பொருந்தும். ஒரு கட்டை கூட்டினால் கை எட்டாது, குறைத்தால் தலை இடிக்கும்.

ஆனால் மருத்துவர் கூரையில் நிற்க வேண்டுமென்றால் கூரையின் உள்பக்கத்தில் குமிழ் இருக்க வேண்டும். லெகோவில் குமிழ் சாதாரணமாக மேல் பார்த்துத்தான் இருக்கும். இதற்கு நான் செய்தது, கூரையை ஒரு கதவாக மாற்றியது. கிளிப்பும் கம்பியும் சேர்ந்த கீல் வைத்துக் கூரைப் பலகையைப் பக்கச்சுவரோடு இணைத்தேன். திறந்து வெளிப்பக்கம் படுக்கவைத்தால் குமிழ்கள் மேல் பார்க்கும். மருத்துவரை அங்கே நிறுத்துங்கள். மூடினால் பலகை புரண்டு, அவர் நோயாளிக்கு நேர் மேலே தலைகீழாக வந்துவிடுவார். பிளேட்டின் அடிப்பக்கம் வெளியே தெரியும், அந்தக் குழாய்களும் குழிகளும் கலத்தின் முதுகில் ஓடும் இயந்திரப் பாகங்கள் போலவே இருக்கும். நான் அதை மூடவில்லை.

உள்ளே வைக்கும் மற்ற பொருள்களில் சிலவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பொம்மை மருத்துவமனை என்றதும் நாம் முதலில் செய்வது குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பி. இங்கே அது வேண்டாம். எடை இல்லாத இடத்தில் பாட்டிலில் இருந்து திரவம் சொட்டாது, காற்றுக் குமிழும் மேலே ஏறி ஒதுங்காது. ஏதாவது ஒன்று அதை அழுத்தி அனுப்ப வேண்டும். அதனால் சுவரில் ஒரு சாம்பல்நிறப் பெட்டி, அதிலிருந்து கட்டிலுக்கு ஒரு மெல்லிய குழாய். அதற்குப் பக்கத்தில் நீல நிறக் கண்ணாடிக் கட்டைகளால் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். நிலையத்துக் குடிநீரைச் சுத்திகரித்து, ஏற்றக்கூடிய சலைனாக மாற்ற முடியும் என்பதை 2010-இல் அங்கேயே செய்து காட்டினார்கள். கட்டிலின் மேல் கவிழ்க்க ஒரு கண்ணாடி மூடியும் உண்டு. காயத்தில் இருந்து வரும் ரத்தம் அங்கே வழிந்து கீழே போகாது, தோலோடு ஒட்டிக் குமிழாக நிற்கும், தட்டினால் சிதறி அறை முழுதும் மிதக்கும்.

வளையம் போலச் சுழலும் பகுதி வைத்துச் செயற்கை ஈர்ப்பு உண்டாக்கக் கூடாதா என்று சிலர் கேட்பீர்கள். நானும் ஆசைப்பட்டுக் கணக்குப் போட்டேன். மினிஃபிகர் 4 சென்டிமீட்டர், மனிதர் 170 என்று வைத்தால் நம் அளவு ஏறக்குறைய 42-இல் ஒன்று. 10 குமிழ் ஆரம் உள்ள வளையம் நிஜத்தில் சுமார் 3.4 மீட்டர் ஆரம். பூமி அளவு ஈர்ப்பு கிடைக்க அது நிமிடத்துக்கு 16 தடவை சுற்ற வேண்டும். நோயாளிக்குத் தலை சுற்றி வாந்திதான் வரும். நிமிடத்துக்கு 2 சுற்று என்று மெதுவாக்கினால் ஆரம் 224 மீட்டர். நம் மேசையில் அது 5 மீட்டருக்கும் மேல். வளையத்தை விட்டுவிட்டேன்.

[காட்சி: பழைய மருத்துவக் கப்பலின் கோட்டோவியம். வெள்ளை உடல், பச்சைப் பட்டை.]

வெளிப்பக்கம். 1978-இல் லெகோ தொடங்கிய விண்வெளி வரிசைக்கு நீலமும் சாம்பலும் உடல், மஞ்சள் கண்ணாடி. அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விண்கலம் என்றால் அந்த நிறம்தான். நான் கடலில் இருந்து நிறம் எடுத்தேன். 1907-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை, ராணுவ மருத்துவக் கப்பல்களுக்கு வெள்ளை வண்ணம் பூசி, சுற்றிலும் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அகலத்தில் பச்சைப் பட்டை இட வேண்டும் என்றது. தொலைவில் வரும் எதிரிக் கப்பலுக்கு, ‘இதில் காயம்பட்டவர்கள் இருக்கிறார்கள், சுடாதே’ என்று சொல்வதற்கான நிறம் அது. போர்க்காலத்துப் பழைய படங்களில் அந்தப் பட்டையைப் பார்க்கலாம். ஒரு நிறத்துக்கு இவ்வளவு பெரிய வேலை கொடுத்தது எனக்கு மனதை விட்டுப் போகவே இல்லை.

ஒன்றரை மீட்டரை 42-ஆல் வகுத்தால் 36 மில்லிமீட்டர். டைல்களைச் சுவரில் பக்கவாட்டில் பதிக்கப் போகிறோம். 4 குமிழ் என்றால் 32 மில்லிமீட்டர், அது சரியாக 10 பிளேட் உயரம். நம் சுவர் 6 கட்டை, அதாவது 18 பிளேட். மேலே 4 பிளேட் வெள்ளை, நடுவில் 10 பச்சை, கீழே 4 வெள்ளை. கணக்கு இப்படித் தானாக வந்து உட்கார்ந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பக்கவாட்டில் பதிக்க 87087 என்ற எண்ணுள்ள கட்டை வேண்டும். ஒரு பக்கத்திலும் குமிழ் உள்ள ஒற்றைக் கட்டை அது. ஒன்றை வைத்து, மேலே இரண்டு பிளேட், அதற்கு மேல் இன்னொன்று. கட்டை 3, பிளேட் 2, மொத்தம் 5 பிளேட், 16 மில்லிமீட்டர், அதாவது சரியாக 2 குமிழ். இந்த ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கைக் கை பழக்கிக்கொண்டால் எந்தத் திசையிலும் கட்டலாம்.

[காட்சி: பச்சைப் பட்டையில் வெள்ளைக் கூட்டல் குறி உருவாகும் நெருக்கக் காட்சி.]

சின்னம். செஞ்சிலுவையை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது மருத்துவத்துக்கான பொதுக் குறி அல்ல. ஜெனீவா உடன்படிக்கைகள் காக்கும் அடையாளம். இந்தியாவிலும் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் காக்கிறது. போர்க்களத்தில் ஒரு ஆம்புலன்ஸ் மேல் அந்தக் குறி மதிக்கப்பட வேண்டுமென்றால், மற்ற இடங்களில் அது மலிந்து கிடக்கக் கூடாது. முதலுதவிக்கான சர்வதேசக் குறி பச்சையில் வெள்ளைக் கூட்டல். நம்மிடம் பச்சைப் பட்டை ஏற்கெனவே இருக்கிறது!

கூட்டல் குறிக்கு 3-க்கு 3 இடம் வேண்டும். பட்டையோ 4 குமிழ் உயரம். நடுவில் வராது. இங்கே ஜம்பர் பிளேட் கை கொடுக்கும். இரண்டு குமிழ் நீளமுள்ள பிளேட், ஆனால் மேலே நடுவில் ஒரே குமிழ். அதைச் செங்குத்தாக மேலே ஒன்று, கீழே ஒன்று, இப்படி மூன்று நெடுவரிசை, மொத்தம் ஆறு. குமிழ்கள் எல்லாம் அரைக் குமிழ் நகர்ந்துவிடும். அதன் மேல் 3-க்கு 3 பச்சை பிளேட். அதன் மேல் ஐந்து வெள்ளை டைல், நாலு மூலைக்கும் பச்சை டைல். ஜம்பர்களும் பச்சையாக இருக்கட்டும், மேலும் கீழும் அரைக் குமிழ் தெரியும். பட்டையை விட 6.4 மில்லிமீட்டர் புடைத்து, ஆஸ்பத்திரி வாசல் பெயர்ப்பலகை போல நிற்கிறது.

மூக்கும் எஞ்சினும் உங்கள் விருப்பம். விண்வெளியில் காற்று இல்லை, கூராக இருக்கத் தேவையில்லை. நான் முன்பக்கத்தை நோயாளியை ஏற்றும் கதவாக்கினேன், 4 குமிழ் அகலம். அங்கிருந்து கட்டில் வரைக்கும் ஒரு வளைவும் இல்லாத நேர்வழி. எஞ்சின் பின்னால் இரண்டு. மொத்த நீளம் 40 குமிழ், 32 சென்டிமீட்டர்.

பாகங்கள் வாங்கும் முன் பிரிக்லிங்க் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளில் ஒருமுறை கட்டிப் பாருங்கள். எந்தப் பாகம் எந்த நிறத்தில் கிடைக்கும் என்று அதிலேயே தெரியும். முடிந்த கலத்தை ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள், வெயில் பட்டால் வெள்ளை மஞ்சளாகிவிடும்.

[காட்சி: கலத்தை ஒரு கையால் தூக்குவது. மெல்லத் தலைகீழாகத் திருப்புவது.]

கடைசியாக ஒரு சோதனை. கூரையை மூடுகிறேன். கலத்தைத் தூக்கி, இரண்டு முறை குலுக்கி, அப்படியே கவிழ்க்கிறேன். நோயாளி கட்டிலை விட்டு அசையவில்லை. கூரையில் நின்ற மருத்துவர் இப்போது நிமிர்ந்து நிற்கிறார், கைகள் இன்னும் நோயாளியின் நெஞ்சருகே. மருந்துப் பெட்டியின் கதவு மட்டும் திறந்துகொண்டது. அதற்கு ஒரு கிளிப் போட வேண்டும்.