புல் கூரையும் கைப்பேசிப் பணமும்

[காட்சி: மழைக்கால இரவு. கூரையிலிருந்து ஒழுகும் நீர் ஒரு வாளியில் சொட்டுகிறது.]

கென்யாவின் மேற்கே, விக்டோரியா ஏரியை ஒட்டிய சியாயா மாவட்டத்துக் கிராமங்களில், ஒரு குடும்பத்தின் நிலைமையை அதன் கூரையைப் பார்த்தே ஓரளவு கணித்துவிடலாம். கையில் கொஞ்சம் காசு உள்ளவர் வீட்டின் மேல் தகரம் இருக்கும். இல்லாதவர் வீட்டின் மேல் புல் இருக்கும். கிவ்டைரக்ட்லி என்ற தொண்டு நிறுவனம் 2011-இல் இங்குள்ள ராரியேடா வட்டாரத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கியபோது, புல் கூரையையே தகுதிக்கான அடையாளமாக வைத்துக்கொண்டது.

புல் கூரை பார்வைக்குத்தான் மலிவானது. அது மக்கும், பூச்சி அரிக்கும், ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப் புல் வாங்கி வேய வேண்டியிருக்கும். இந்தச் செலவையெல்லாம் கூட்டிப் பார்த்தால், தகரம் போட்டவர் சில ஆண்டுகளிலேயே போட்ட பணத்தை எடுத்துவிடுகிறார். மேலும், தகரக் கூரையில் விழும் மழைநீரைப் பிடித்துப் புழங்கலாம். இந்தக் கணக்கு அந்தக் கிராமத்தில் தெரியாதவர் யாரும் இல்லை. பிறகு ஏன் தகரம் போடவில்லை? தகரத்துக்கு வேண்டிய தொகை ஒரே நேரத்தில் ஒருபோதும் கையில் சேர்வதில்லை என்பதுதான் காரணம். வறுமையைக் குறைந்த வருமானம் என்று மட்டும் புரிந்துகொள்கிறவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

[காட்சி: அறுவடை முடிந்த மக்காச்சோள வயல். மூட்டைகள் சந்தைக்குப் போகின்றன.]

மக்காச்சோளத்தையே எடுத்துக்கொள்வோம். அறுவடை முடிந்த கையோடு பள்ளிக் கட்டணமும் கைமாற்றுக் கடனும் வாசலில் வந்து நிற்பதால், விலை அடிமட்டத்தில் இருக்கும்போதே குடும்பம் மூட்டையை விற்றுவிடுகிறது. சில மாதங்களில் வீட்டிருப்பு தீர்ந்துவிட, அதே தானியத்தை அதே சந்தையில் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறது. மேற்குக் கென்யச் சந்தைகளில் அறுவடைக்கும் பஞ்ச மாதங்களுக்கும் இடையே மக்காச்சோள விலை பொதுவாக 25 முதல் 40 சதவீதம் வரை ஏறுகிறது. காத்திருக்க முடிந்தவருக்கு இது லாபம். முடியாதவருக்கு ஆண்டுதோறும் விழும் அபராதம்.

இந்தச் சூழலுக்குள்தான் பணம் வந்தது. கென்யாவில் எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவை 2007-லேயே தொடங்கிவிட்டதால், நடுவில் யார் கையிலும் சிக்காமல் குடும்பத்தின் கணக்குக்கே தொகை போய்ச் சேர்ந்தது. இதற்குச் செலவிடுங்கள், அதற்குச் செலவிடாதீர்கள் என்ற நிபந்தனை எதுவும் கிடையாது. சில குடும்பங்களுக்கு 25,200 ஷில்லிங், சிலவற்றுக்கு 95,200 ஷில்லிங். சிலருக்கு மொத்தமாக, சிலருக்கு மாதத் தவணையாக. சில வீடுகளில் கணவருக்கு, சில வீடுகளில் மனைவிக்கு. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. ஊர்ப் பெரியவர் கைகாட்டியவருக்கு அதிகம் என்ற பேச்சுக்கே இடமில்லாததால், பணம் பெற்ற வீடுகளையும் பெறாத வீடுகளையும் ஒப்பிட்ட ஆய்வை நம்ப முடிகிறது.

பணம் வந்த வீடுகளில் மாதச் செலவு, அதாவது உணவு, மருந்து, படிப்பு எல்லாம் சேர்த்து, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்தது. ஆடுமாடுகள் கூடின. தகரக் கூரை போட்ட வீடுகளின் பங்கு, பணம் பெறாத வீடுகளைவிட 23 சதவீதப் புள்ளிகள் அதிகமாக இருந்தது. இலவசமாகக் கொடுத்தால் குடித்தே அழிப்பார்கள் என்ற பழைய குற்றச்சாட்டுக்கு, மதுவுக்கும் புகையிலைக்கும் ஆன செலவு கூடவில்லை என்ற கணக்கே விடையாக அமைந்தது. மனைவிக்குக் கொடுத்தால்தான் வீட்டுக்குப் பயன்படும் என்று நாம் எதிர்பார்த்திருப்போம். இங்கே செலவுக் கணக்கில் அப்படிப் பெரிய வேறுபாடு எதுவும் தென்படவில்லை.

உண்மையான வேறுபாடு பணம் வந்த விதத்தில் இருந்தது. மாதத் தவணை பெற்ற வீடுகளில் அடுப்பு தடையில்லாமல் எரிந்தது. மொத்தமாகப் பெற்ற வீடுகளில் நீடித்து நிற்கும் பொருள்கள் வாங்கப்பட்டன. ஒரே தொகைதான், ஆனால் சிறுகச் சிறுக வந்தால் பசியை ஆற்றுகிறது, மொத்தமாக வந்தால் கூரையை மாற்றுகிறது.

[காட்சி: ஊர் மாவரைக்கும் ஆலை. இயந்திரத்தின் அருகே ஒருவர் வாடிக்கையாளருக்காகக் காத்திருக்கிறார்.]

பணம் பெறாத வீடுகளின் கதி என்ன? விலைவாசி ஏறி அவர்கள் அல்லவா பாதிக்கப்படுவார்கள் என்ற நியாயமான அச்சத்தை, பின்னர் சியாயாவில் 653 கிராமங்களை உள்ளடக்கி நடந்த பெரிய ஆய்வு சோதித்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குத் தலா சுமார் 1,000 டாலர் கொடுக்கப்பட்டது. விலைகள் சராசரியாக 0.1 சதவீதம் மட்டுமே உயர்ந்தன. கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் அந்தப் பகுதியின் பொருளாதாரம் சுமார் இரண்டரை டாலர் அளவுக்குப் பெருகியது. காரணத்தை அறிய மாவு ஆலைக்காரரைப் பார்த்தால் போதும். நாளின் பெரும்பகுதி சும்மா நிற்கும் இயந்திரத்துக்கு இன்னும் பத்துப் பேர் தானியம் கொண்டுவந்தால், அவர் கூலியை உயர்த்துவதில்லை. கூடுதல் நேரம் அரைக்கிறார், அந்த வருமானத்தை அடுத்த கடையில் செலவிடுகிறார். பணம் பெறாதவரின் கைக்கும் அது இப்படித்தான் வந்து சேர்ந்தது.

இதே கிராமங்களில் பிறந்த குழந்தைகளைப் பற்றி 2025-இல் வெளியான ஆய்வு, என் கணிப்பில், மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது. பணம் கிடைத்த காலத்தில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. நிறைமாதத்திலும் வயலில் குனிந்து வேலை செய்ய வேண்டிய பெண், கையிருப்பு இருந்ததால் அந்த வேலையைக் குறைத்துக்கொள்ள முடிந்தது. வலி எடுத்தபோது மருத்துவமனைக்குப் போக முடிந்தது. ஆனால், அருகில் மருத்துவமனை இருந்த இடங்களில்தான் இந்தப் பலன் வலுவாகத் தெரிந்தது. போய்ச் சேரும் இடத்தில் மருத்துவரே இல்லையென்றால் கையிலுள்ள பணம் வழிச்செலவுக்கு மட்டுமே உதவும். பணம் நின்ற பிறகு இறப்பு விகிதமும் பழைய நிலையை நோக்கித் திரும்பியது. நேரடிப் பண உதவியைச் சர்வரோக நிவாரணியாகப் பேசுகிறவர்கள் இந்த வரியைக் கொஞ்சம் வேகமாகவே தாண்டிவிடுகிறார்கள்.

[காட்சி: மரநிழலில் வட்டமாக அமர்ந்திருக்கும் பெண்கள். நடுவில் ஒரு கணக்குப் புத்தகம்.]

அப்படியானால் நிறுத்தாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்காக, கென்யாவின் சில கிராமங்களில் ஒவ்வொரு பெரியவருக்கும் மாதம் சுமார் 22 டாலர் வீதம் 12 ஆண்டுகளுக்குக் கொடுக்கும் திட்டம் நடந்துவருகிறது. வேறு சில கிராமங்களுக்கு இரண்டு ஆண்டுகள் மட்டும் மாதத் தொகை. இன்னும் சிலவற்றுக்கு ஒரே தவணையில் மொத்தம். முதல் சில ஆண்டுகளின் முடிவில், புதிதாகத் தொழில் தொடங்கியதில் இரண்டாண்டுக் கிராமங்களைவிட மொத்தமாகப் பெற்றவர்களும் 12 ஆண்டு உறுதி பெற்றவர்களும் முன்னால் இருந்தார்கள்.

மொத்தமாகப் பெற்றவர்கள் தொழில் தொடங்கியது எளிதில் விளங்குகிறது. 12 ஆண்டு உறுதியோடு மாதாமாதம் சிறு தொகை பெற்றவர்களுக்குத் தொழிலுக்கான முதல் எங்கிருந்து வந்தது? அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் பணம் வரும் என்பது உறுதியாகத் தெரிந்ததால், அவர்கள் சேமிப்புக் குழுக்களில் சேர்ந்தார்கள். எல்லோரும் தங்கள் பங்கைப் போடுவார்கள், முறை வந்தவர் முழுத் தொகையையும் எடுத்துக்கொள்வார், அடுத்த முறை இன்னொருவர் எடுப்பார். ஒரே நேரத்தில் கையில் சேராத பணத்தை அவர்கள் தங்களுக்குள்ளேயே இப்படிச் சேர்த்துக்கொண்டார்கள்.