ஒரே ஒரு குழந்தைக்காகக் குப்பியைத் திறந்தால் நஷ்டமா?

(திரையில்: ஆரம்ப சுகாதார நிலையம். மேசையில் ஐஸ் பெட்டி.)

தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். செவிலியர் கையில் இருப்பது தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசிக் குப்பி. உள்ளே வெறும் பொடி. கூடவே வரும் திரவத்தை விட்டுக் கரைத்துவிட்டால் 4 மணி நேரம்தான்; மிஞ்சியதை அப்புறம் யாருக்கும் போடக்கூடாது. ஒரு குப்பியில் 5 அல்லது 10 பேருக்கான மருந்து. வந்திருப்பதோ ஒரே ஒரு குழந்தை. திறக்கலாமா?

தாராளமாகத் திறக்கலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதுதான்.

(திரையில்: குளிர்சாதனப் பெட்டி, வெப்பமானி, வண்டி.)

ஏனென்றால் மருந்தின் விலை மொத்தச் செலவில் ஒரு பகுதிதான். தொழிற்சாலையிலிருந்து கிராமம் வரை 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர் காக்க வேண்டும். மின்சாரம், வண்டி, சம்பளம் எல்லாம் ஏற்கெனவே செலவாகிவிட்டது. குழந்தையைத் தூக்கி வந்த அம்மாவும் அன்றைய கூலியை விட்டுத்தான் வந்திருப்பார். "அடுத்த வாரம் வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டால், திரும்பி வருவார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

சரி, இவ்வளவு செலவழித்து என்ன மிச்சம்? ரோட்டா வைரஸைப் பார்ப்போம். இந்தக் கிருமியால் கைக்குழந்தைக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு வந்தால் ஆட்டோ, ட்ரிப்ஸ், ஆஸ்பத்திரிப் படுக்கை, வேலைக்குப் போக முடியாத பெற்றோர். சில வீடுகளில் வட்டிக்குக் கடன்.

(திரையில்: இந்திய வரைபடத்தில் டெல்லி, புனே, வேலூர்.)

இதற்கான இந்தியத் தடுப்பு மருந்தான ரோட்டாவேக், இந்த மூன்று இடங்களில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. முதல் வயதில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை 56 சதவீதம் குறைத்தது. "பாதிக்குக் கொஞ்சம் மேல்தானே?" என்று தோன்றும். ஆனால் நோய் ஏராளம், மருந்தோ ஒரு டோஸ் சுமார் 1 டாலர் என்று அறிவிக்கப்பட்டது. ஆயிரமாயிரம் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வரும் நாட்டில், அதில் பாதியைத் தவிர்த்தாலே பெரிய சேமிப்பு. 2016-ல் தேசியத் திட்டத்தில் இது சேர்க்கப்பட்டது.

94 ஏழை, நடுத்தர வருமான நாடுகளை வைத்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, தடுப்பூசிக்குச் செலவாகும் ஒவ்வொரு டாலருக்கும் நோய்ச் செலவில் சுமார் 16 டாலர் மிச்சமாகும் என்று கணித்தது. சிகிச்சைச் செலவோடு, இழக்கும் சம்பாத்தியமும் அதில் அடக்கம்.

(திரையில்: மலைப்பாதையில் நடந்து செல்லும் செவிலியர்.)

ஆனால் இது சராசரி. ஊருக்குள் இருக்கும் குழந்தைக்குச் செலவு குறைவு. மலைக்கிராமத்துக்கும், வேலை தேடி இடம் மாறும் செங்கல்சூளைக் குடும்பங்களுக்கும் அதிகம். அந்தக் குழந்தைகளை விட்டுவிட்டால் பணம் மிச்சமா? தட்டம்மை பரவாமல் தடுக்க நூற்றுக்கு 95 பேருக்காவது தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். இந்தியாவில் முதல் தவணையே 9 மாதம் முடிந்த பிறகுதான். அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்குச் சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொண்ட ஊசிதான் பாதுகாப்பு. "அந்த ஊருக்கு வண்டி அனுப்பினால் கட்டுப்படியாகாது" என்று சொல்பவர்கள், இந்தப் பிள்ளைகளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.