சென்சாரை மாற்றுவதற்கு முன் டேங்கைப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. திருமங்கலத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஒருவருடைய பட்டறை வாசலில் நிற்கிறேன். பின்னால் டேங்கைக் கழற்றி வைத்திருப்பது என்னுடைய கார்தான். என் கையிலுள்ள இந்தக் கண்ணாடிப் புட்டியைச் சற்று உற்றுப் பாருங்கள். மேலே பெட்ரோல், நடுவில் மெல்லிய கோடு, அதற்கு அடியில் கலங்கலாக வேறொரு திரவம் தனியே நிற்கிறது.

நேற்று முன்தினம் நல்ல ஐப்பசி மழை. ரிங் ரோட்டுப் பக்கம் ஒரு பங்க்கில் நிரப்பிக்கொண்டு கிளம்பிய மூன்றாவது கிலோமீட்டரிலேயே வண்டி குலுங்கி, செக் இன்ஜின் விளக்கு எரிந்து, நின்றுவிட்டது. அறிவு கெட்டதனமாக நான் ஐந்தாறு முறை மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் செய்தேன். அதற்குத்தான் அண்ணனிடம் முதல் திட்டு வாங்கினேன்.

இப்போது நமக்குக் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் சிறிதளவு தண்ணீரைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால், பெட்ரோலை விட்டுப் பிரிந்து, தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அந்த அடிப்பகுதியிலிருந்துதான். மேலே எஞ்சும் பெட்ரோலும் எத்தனாலை இழந்ததால் ஆக்டேன், அதாவது எஞ்சினில் தட்டாமல் எரியும் திறன், குறைந்ததாகிவிடுகிறது.

சிலிண்டரில் தீ சரியாகப் பற்றாதபோது, எரிப்பில் செலவாகாத ஆக்சிஜன் அப்படியே புகைக்குழாய்க்குப் போகிறது. அங்கே இருக்கும் ஆக்சிஜன் சென்சார், 300 டிகிரிக்கு மேல் சூடான சிர்கோனியா என்ற பீங்கானைக் கொண்டு, புகையிலுள்ள ஆக்சிஜனை வெளிக்காற்றோடு ஒப்பிட்டு, ஏறத்தாழ 0.1 முதல் 0.9 வோல்ட் வரை சமிக்ஞை தரும் கருவி. அது உள்ளதைத்தான் சொல்கிறது. ஆனால் வண்டியின் கணினியோ பெட்ரோல் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றுகிறது. எரியாத அந்தப் பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால், தேன்கூடு போன்ற அதன் பீங்கான் உள்ளமைப்பே உருகிவிடும். நான் ஐந்தாறு முறை சாவியைத் திருப்பியது எவ்வளவு பெரிய தவறு என்பது அப்போதுதான் உறைத்தது.

தண்ணீராவது உடனே வண்டியை நிறுத்திக் காட்டிக்கொடுத்துவிடும். சிலிக்கன் அப்படியல்ல. 2007 பிப்ரவரி இறுதியில் இங்கிலாந்தின் தென்கிழக்குப் பகுதியில் ஏராளமான கார்கள் இழுவை குறைந்து திணறியபோது, பெட்ரோலில் சிலிக்கன் கலந்திருந்தது தெரியவந்தது. அது எரிந்து, மணலின் மூலப்பொருளான சிலிக்காவாகி, சென்சாரின் மேல் வெண்பூச்சாகப் படிந்துவிடும். பிறகு சென்சார் மெதுவாகவும் தவறாகவும் பதில் சொல்லும். எஞ்சினில் தவறான சிலிக்கோன் பசையைப் பூசினாலும் இதே கதிதான்.

அண்ணன் என் சென்சாரைக் கழற்றிக் காட்டினார். கரி படிந்து கறுப்பாக இருந்தது. கறுப்பென்றால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும் என்றும், வெள்ளைப் பொடியாக இருந்திருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும் என்றும் சொன்னார். ஸ்கேனரில் சென்சார் குறியீடு வந்ததும் புதிதாக ஒன்றை மாட்டி அனுப்பிவிடும் பட்டறைகள் உண்டு. டேங்கில் அதே பெட்ரோல் இருக்கும்போது, புதிய சென்சாரும் அதைத்தானே குடிக்கப் போகிறது?

டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசலே மசகு, ஆகவே தண்ணீர் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள்.

பங்க்கில் வடிதாள் சோதனையையும் அடர்த்திச் சோதனையையும் கேட்டுப் பெறும் உரிமை நமக்கு உண்டு. தாளில் விட்ட துளி கறையின்றி ஆவியாக வேண்டும். ஆனால் பங்க்கின் நிலத்தடித் தொட்டியின் அடியில் நிற்கும் தண்ணீரை அந்தத் தாள் காட்டாது. அதற்கு அளவுகோலில், தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசையைத் தடவி அந்தத் தொட்டிக்குள் இறக்கிப் பார்க்க வேண்டும். நிரப்பிய ரசீதை இந்தப் புட்டியில் ஒட்டி வைத்திருக்கிறேன். நாளைக் காலை இரண்டையும் எடுத்துக்கொண்டு அந்தப் பங்க்குக்குப் போய், இந்தச் சோதனையைச் செய்து காட்டச் சொல்லப் போகிறேன்.